கழுத்து வழி மூச்சு: வாசகர் கேள்விகளுக்கு வார்டு சிஸ்டர் பதில்

போன இதழில் வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் பற்றி எழுதியபோது, கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பதைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பகுதி முழுவதும் டிரக்கியாஸ்டமிக்கே. நான் டாக்டர் இல்லை. தலை, கழுத்துப் புற்றுநோய் வார்டில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். என்ன ஆபரேஷன், என்ன மருந்து என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். குழாய் கழுவுவது, சளி எடுப்பது, ஆளைத் தேற்றுவது போன்றவற்றை என்னிடம் தாராளமாகக் கேட்கலாம்.

*

என் வீட்டுக்காரருக்கு 58 வயது. குரல்வளையில் புற்றுநோய். மூச்சு விடும்போது சத்தம் வருகிறது. ரேடியேஷன் ஆரம்பிப்பதற்கு முன் கழுத்தில் ஓட்டை போட வேண்டும் என்கிறார்கள். ‘ஓட்டை போட்டால் ஆள் அவ்வளவுதான்’ என்று என் கொழுந்தனார் கையெழுத்துப் போட விடமாட்டேன் என்கிறார். என்ன செய்யட்டும்?
— வாசகி, மன்னார்குடி

கையெழுத்துப் போடுங்கள் அம்மா. பத்திரிகை அச்சாகி வரும்வரை உங்களைக் காக்க வைக்கக் கூடாது என்று இந்தப் பதிலைத் தபாலிலும் அனுப்பச் சொல்லிவிட்டேன்.

முதலில் அந்தச் சத்தத்தைப் பற்றி. குறட்டை என்றால் தூங்கும்போது வரும். இது விழித்திருக்கும்போதே, மூச்சை உள்ளே இழுக்கும்போது மெல்லிய விசில் போலவோ கரகரவென்றோ வரும். குரல்வளையில் காற்று போகிற சந்து இயல்பிலேயே குறுகல். அதில் கட்டி வளர்ந்தால் மிச்சம் இருப்பது ஒரு கீற்றுதான். ஆள் உட்கார்ந்தபடியே தூங்குவார், படுக்கச் சொன்னால் எரிந்து விழுவார், ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வரும். இதில் நம்மை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி 97, 98 என்று அழகாகக் காட்டிக்கொண்டே இருக்கும். கடைசிவரை நல்ல எண்ணாகக் காட்டிவிட்டு, அப்புறம் ஒரேயடியாகச் சரியும். எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், அவர் கழுத்தையும் நெஞ்சையும் பாருங்கள்.

ரேடியேஷன் தொடங்கினால் கட்டி சுருங்குவதற்கு முன் சுற்றியிருக்கும் சதை வீங்கும். ஏற்கெனவே கீற்றாக இருக்கும் வழி வீங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பகலில், தியேட்டரில், எல்லோரும் தயாராக நின்று நிதானமாகச் செய்கிற டிரக்கியாஸ்டமி வேறு. ராத்திரி 2 மணிக்கு ஆம்புலன்ஸிலிருந்து இறக்கி, நீலம் பாரித்த ஆளுக்கு அவசர அவசரமாகச் செய்வது வேறு. இரண்டாவதற்குப் போக விடாதீர்கள்.

எப்படிச் செய்வார்கள் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். இந்த நிலையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்க மாட்டார்கள். மயங்கினால் தொண்டைத் தசை தளர்ந்து, இருக்கிற கீற்றும் அடைபடலாம். அதனால் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, கழுத்தில் மட்டும் மரத்துப்போகிற ஊசி போட்டு, அவர் விழித்திருக்கும்போதே மூச்சுக்குழாயின் இரண்டாவது, மூன்றாவது வளையங்களுக்குப் பக்கத்தில் திறப்பார்கள். குழாய் உள்ளே போனதும் பலமாக ஓர் இருமல் வரும், கொஞ்சம் ரத்தம் கலந்த சளி தெறிக்கும். அதற்கடுத்த மூச்சிலேயே முகம் தெளிந்துவிடும். பல நாள் சரியாகத் தூங்காதவர்கள் மேஜையிலேயே கண்ணயர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கொழுந்தனார், குழாயோடு இருந்து இறந்துபோன யாரையாவது பார்த்திருப்பார். அவர் இறந்தது நோய் முற்றியதால். ஓட்டை போட்டதால் அல்ல. இவருக்குக் கட்டி நன்றாகக் கரைந்தால் குழாயை எடுத்துவிடுவார்கள், துளையும் மூடிக்கொள்ளும். சிலருக்கு எடுக்க முடியாமலும் போகும். அதை இப்போதே யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

டாக்டரிடம் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: ‘இந்த ஓட்டைக்கு மேலே வழி இருக்கிறதா, இல்லையா?’ புற்றுநோயில் கழுத்தில் போடும் துளை இரண்டு வகை. உங்கள் வீட்டுக்காரருக்குப் போடுவது டிரக்கியாஸ்டமி. வீட்டு வாசல் அடைபட்டுக் கிடப்பதால் கொல்லைக் கதவைத் திறந்துவிடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு, வாய், குரல்வளை எல்லாம் நுரையீரலோடு இன்னும் இணைந்துதான் இருக்கின்றன. இன்னொரு வகை, குரல்வளையையே முழுதாக எடுத்துவிடுகிற ஆபரேஷன். அதில் மூச்சுக்குழாயின் மேல்முனையை வெளியே கொண்டுவந்து கழுத்துத் தோலோடு தைத்துவிடுவார்கள். வாசலில் சுவரே எழுப்பியாயிற்று. இனி கொல்லைக் கதவு மட்டும்தான், அதுவும் காலத்துக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கழுத்தில் ஓர் ஓட்டைதான். ஆனால் பேச்சு, சாப்பாடு, ஆக்ஸிஜன், குழாயை எடுப்பது எல்லாமே எந்த ஓட்டை என்பதைப் பொறுத்து மாறும். டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும், படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

*

அப்பாவைக் கழுத்துக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கரண்ட் (ரேடியேஷன்) வைத்து முடித்தாயிற்று. வெள்ளி நிறத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய். ராத்திரி கொர்கொர் என்று சத்தம் வருகிறது. எத்தனை தடவை கழுவ வேண்டும்? சளி உறிஞ்சும் மெஷின் வாங்கித்தான் ஆக வேண்டுமா? கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது?
— வாசகர், பரமக்குடி

தம்பி, உள் குழாய்தான் உங்கள் பொறுப்பு. வெளிக் குழாயை மாற்றுவது மருத்துவமனையில். உள் குழாய் அடைத்தால் சட்டென்று உருவி எடுத்துவிடலாம், வெளிக் குழாய் வழியாக மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு குழாய் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

கழுவும் முறை: கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இடது கை விரல்களால் வெளிக் குழாயின் தகட்டைக் கழுத்தோடு அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது கையால் உள் குழாயின் பூட்டைத் திருப்பி, குழாய் வளைந்திருக்கிற போக்கிலேயே கீழ்நோக்கி உருவுங்கள். நேராக முன்னால் இழுத்தால் வெளிக் குழாயும் கூடவே கிளம்பும். எடுத்ததும் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பாருங்கள். காய்ந்த சளி பழுப்பு நிறத்தில் தோல் மாதிரி சுவரில் ஒட்டியிருக்கும். ராத்திரி வரும் கொர்கொர் சத்தத்தில் பாதி இதன் வேலைதான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, மெல்லிய காஸ் துணியை நாடா மாதிரி கிழித்து, ஒரு முனையில் விட்டு மறு முனையில் இழுங்கள். அந்தத் தோல் முழுசாகக் கழன்று வரும். மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். வளைவுக்குள் ஒரு துணுக்குகூட மிச்சம் இருக்கக் கூடாது. உலோகக் குழாய் என்பதால் கொதிக்கும் தண்ணீரில் போட்டும் எடுக்கலாம். நன்றாக ஆறிய பிறகுதான் மாட்ட வேண்டும். பிளாஸ்டிக் குழாயைக் கொதிக்க வைக்காதீர்கள். தண்ணீரை உதறிவிட்டு, உருவிய அதே வளைவில் உள்ளே செலுத்திப் பூட்டைத் திருப்புங்கள். பூட்டாமல் விட்டால் இருமலில் பறந்து போய்க் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டியிருக்கும்.

காலை, மதியம், படுக்கப் போகும் முன் என்று மூன்று வேளை. சளி கெட்டியாக இருந்தால் இன்னும் கூடுதலாக. உள் குழாயை வெளியே வைத்துவிட்டு நேரம் போக்காதீர்கள், வெளிக் குழாயில் சளி காய்ந்தால் அதை உங்களால் கழுவ முடியாது.

சளி ஏன் காய்கிறது? மூக்கு இத்தனை நாள் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது வெளிக்காற்று நேராக நுரையீரலுக்குப் போகிறது. பரமக்குடி வெயிலில் கேட்கவே வேண்டாம். அதனால் மல் துணியை இரண்டு மடிப்பாக மடித்து, நனைத்து நன்றாகப் பிழிந்து, குழாயின் வாய்க்கு முன்னால் திரை மாதிரி தொங்கவிடுங்கள். காய்ந்தால் மறுபடி நனையுங்கள். பஞ்சு மட்டும் வேண்டாம், இழை பிரிந்து உள்ளே போகும். நெபுலைசரில் வெறும் சலைன் வைத்துக் கழுத்துப் பக்கம் காட்டலாம். கொதிக்கிற பாத்திரத்தின் மேல் குனிய வைக்காதீர்கள், தோல் ரேடியேஷனில் ஏற்கெனவே வெந்திருக்கிறது. டாக்டர் கட்டுப்பாடு சொல்லாதவரை தண்ணீர் நிறையக் குடிக்கட்டும்.

மெஷினைப் பற்றி என் அபிப்பிராயம்: உங்கள் அப்பா பலமாக இருமிக் குழாயின் வாய்க்குச் சளியைக் கொண்டுவந்து துடைத்துவிட முடிகிறது என்றால், மெஷின் அவசியமில்லை. இருமலைவிட நல்ல மெஷின் கிடையாது. படுத்த படுக்கையாக இருந்தால், இருமத் தெம்பில்லை என்றால் வேண்டும். வாங்கினால் பேட்டரியிலும் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள்; காலால் மிதித்து இயக்குவதும் கிடைக்கிறது, கரண்ட் கவலையே இல்லை. உறிஞ்சும் ரப்பர்க் குழாயின் பருமன், கழுத்துக் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே எடுக்கும்போதுதான். 10 விநாடிக்குள் முடித்துவிட வேண்டும். வார்டுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்வது: நீங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு செய்யுங்கள். உங்களுக்கு முட்டும்போது அவருக்கும் முட்டுகிறது, எடுத்துவிடுங்கள். இடையிடையே ஓய்வு கொடுங்கள். சும்மா சும்மா உறிஞ்சினால் உள்தோல் புண்ணாகி இன்னும் சளி கட்டும்.

கழுத்து நாடாவை மாற்றும்போது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தகட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் புது நாடாவைக் கட்டி முடித்த பிறகுதான் பழையதை வெட்ட வேண்டும். நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய இடம் இருக்கட்டும். முடிச்சு பக்கவாட்டில், பின்னால் போட்டால் படுக்கும்போது குத்தும்.

வெளிக் குழாய் கழன்று வந்துவிட்டால்? உங்கள் அப்பாவுக்கு வழி நன்றாகப் படிந்திருக்கும், நொடியில் மூடிவிடாது. உட்கார வைத்து, நிதானமாக மூச்சு விடச் சொல்லி, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நேரம் ஆக ஆகத் துளை சுருங்கும். மாட்டக் கற்றுக்கொடுத்திருந்தால் மட்டும் மாட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. கடிதத்தில் எல்லாமே ‘நான் செய்கிறேன், நான் கழுவுகிறேன்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். அப்பா கையில் ஒரு கண்ணாடியைக் கொடுங்கள். தன் கழுத்தைப் பார்க்க மறுக்கிறவர்கள்தான் வீட்டில் ரொம்ப நாள் நோயாளியாகவே இருந்துவிடுகிறார்கள். முதல் நாள் பார்த்துவிட்டு அழுவார், அழட்டும். உள் குழாயைத் தானே உருவி மாட்டக் கற்றுக்கொண்டவர், பிறகு தனியாக டீக்கடைக்குப் போய் வருவார். இதை ஆஸ்பத்திரியிலேயே கற்றுக்கொடுத்து, அவர் கையால் செய்ய வைத்துப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி. பெட் காலியாக வேண்டும் என்கிற அவசரத்தில் பல இடங்களில் ஒரு தடவை செய்து காட்டுவதோடு சரி. நீங்களாவது ‘நான் செய்கிறேன், நீங்கள் பாருங்கள் சிஸ்டர்’ என்று கேட்டு வாங்குங்கள்.

(அடுத்த முறை ரேடியேஷன் மறுபடி வைக்க நேர்ந்தாலோ எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலோ, உலோகக் குழாய் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிளாஸ்டிக்குக்கு மாற்றிவிட்டுத்தான் செய்வார்கள்.)

*

அப்பா மீன் ஏலம் விடுபவர். குரல்தான் அவர் தொழில். குரல்வளையை எடுத்து நான்கு மாதம் ஆகிறது. பக்கத்துத் தெருவில் கழுத்துக் குழாய் வைத்திருக்கும் ஒருவர் ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு நன்றாகப் பேசுகிறார். அப்பா அதே மாதிரி மூடினால் மூச்சுத் திணறுகிறார், கண் பிதுங்குகிறது. பழகப் பழகச் சரியாகுமா? சிலேட்டை வாங்கிக் கொடுத்தால் தூக்கி எறிகிறார்.
— வாசகி, நாகப்பட்டினம்

இன்றோடு அதை நிறுத்துங்கள் கண்ணு. மேலே வழியே இல்லாதவருக்குத் துளையை மூடினால் மூச்சு முழுதாக நின்றுவிடும். பக்கத்துத் தெருக்காரருக்கு இருப்பது டிரக்கியாஸ்டமி. அவர் மூடும்போது, வெளியே வரும் காற்று மேலே ஏறி அவருடைய குரல்நாண்களைத் தட்டிக்கொண்டு வாய் வழியாக வருகிறது. அவருக்கும்கூட, குழாயைச் சுற்றிக் காற்றடைத்த பலூன் இருந்தால் அதை இறக்கிய பிறகுதான் மூட வேண்டும். அந்த மாதிரி ஆட்களுக்கு விரலே வேண்டாமல் பேச உதவும் சின்ன வால்வு ஒன்று உண்டு. தசைச் சிதைவு நோயால் வெண்டிலேட்டரில் இருந்த டேவிட் மியூர் என்ற அமெரிக்க இளைஞர் தனக்காக யோசித்துக் கண்டுபிடித்தது அது. உங்கள் அப்பாவுக்கு அது ஆகாது. உள்ளே இழுத்த மூச்சு வெளியே வர வழி இருக்காது.

அப்பாவுக்கு மூன்று வழி இருக்கிறது. முதலாவது, காற்றை உணவுக்குழாய்க்குள் விழுங்கி, ஏப்பம் மாதிரி வெளியே விட்டு அதைப் பேச்சாக்குவது. செலவில்லை, பொறுமை நிறைய வேண்டும், எல்லோருக்கும் கைவராது. இரண்டாவது, டார்ச் லைட் அளவில் இருக்கும் மெஷினைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்திப் பேசுவது. சீக்கிரம் பழகிவிடலாம், குரல் ஏற்ற இறக்கமில்லாமல் ரோபோ மாதிரி இருக்கும். மூன்றாவது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் சின்னத் துளை போட்டு ஒருவழி வால்வு பொருத்துவது. அமெரிக்காவில் சிங்கர், பிளோம் என்ற இருவர் 1980 வாக்கில் கொண்டுவந்த முறை. இது பொருத்திய பிறகு கழுத்துத் துளையை விரலால் மூடிப் பேசலாம், பேச வேண்டும். மூடியதும் காற்று வால்வு வழியாக உணவுக்குழாய்க்குப் போய் அங்கே அதிர்ந்து குரலாகிறது. குரல் தடிப்பாகத்தான் இருக்கும், ஆனால் மனிதக் குரல்.

வெளிநாட்டு வால்வு பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஒரு தடவை வாங்கினால் போதாது, பழுதானால் மாற்ற வேண்டும். பெங்களூரில் புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணர் விஷால் ராவும் அவருடைய நண்பர் சஷாங்க் மகேஷும் சேர்ந்து ‘ஓம்’ என்று ஒரு வால்வை 50 ரூபாய் அளவில் கிடைக்கும்படி உருவாக்கினார்கள். உங்கள் டாக்டரிடம் இதைப் பற்றியும் கேளுங்கள். ரேடியேஷன் வாங்கிய கழுத்தா, விரலால் குறி பார்த்து மூடக் கை நடுங்காமல் இருக்கிறதா, கண் தெரிகிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வால்வு வைத்த பிறகு காபி குடிக்கும்போது இருமல் வந்து, கழுத்துச் சளியில் காபி நிறம் தெரிந்தால் வால்வு கசிகிறது, மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

துறைமுகத்தில் நின்று கத்தி ஏலம் விடுகிற அளவு சத்தம் இதில் எதிலும் வராது. அதை மறைத்துப் பேசிப் புண்ணியமில்லை. பக்கத்தில் கூவ ஒருத்தரை வைத்துக்கொண்டு, விலையை விரலில் காட்டி ஏலத்தை நடத்த முடியுமா என்று அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். மீனின் தரமும் வியாபாரிகளின் முகமும் தெரிந்தது அவருக்குத்தானே. சிலேட்டை எறிவதில் எனக்கு ஆச்சரியமில்லை. எழுதி முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார். காத்திருங்கள், அவர் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். அப்புறம், வருகிற விருந்தாளிகளிடம் சொல்லிவையுங்கள்: அவருக்குக் குரல்தான் இல்லை, காது நன்றாகக் கேட்கிறது. குரல் போனவரிடம் ஊரே கத்திப் பேசுகிறது.

*

குரல்வளை எடுக்கப்பட்ட என் அண்ணன் ஒரு நாள் மயங்கி விழுந்தார். கொண்டுபோன இடத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை மூக்கிலும் வாயிலும் வைத்தார்கள். அது சரியா?
— வாசகர், ஈரோடு

சரியில்லை. மூக்கில் வைக்கும் ஆக்ஸிஜன் அவர் நுரையீரலுக்கு ஒரு துளிகூடப் போகாது. கழுத்துத் துளையின் மேல் வைக்க வேண்டும். குழந்தைகளுக்கான சின்ன மாஸ்க் அங்கே நன்றாகப் பொருந்தும். செயற்கை மூச்சு கொடுத்தாலும் கழுத்து வழியாகத்தான். டிரக்கியாஸ்டமி ஆளாக இருந்தால் முகம், கழுத்து இரண்டிலும் வைப்பது நல்லது. எது என்று தெரியாத அவசரத்திலும் இரண்டிலும் வையுங்கள், நஷ்டமில்லை.

அவசரப் பிரிவில் இருப்பவர்கள் இந்த மாதிரி ஆட்களை அடிக்கடி பார்ப்பதில்லை. கழுத்தில் துண்டு போட்டிருந்தால் துளை கண்ணிலேயே படாது. அதனால் சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கட்டும். ‘நான் கழுத்து வழியாக மட்டுமே மூச்சு விடுகிறேன். ஆக்ஸிஜனைக் கழுத்தில் கொடுக்கவும்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி லேமினேட் செய்துவிடுங்கள். செல்போன் உறையின் பின்பக்கமும் ஒன்று. கழுத்துக்கு ரேடியேஷன் வாங்கியவர் என்றால் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். ரேடியேஷனால் தைராய்டு குறைந்து வரும் சோர்வு, மந்தம் எல்லாவற்றையும் வயதின் மேல் போட்டுவிடுகிறோம்.

*

ஜெர்மன் சக்கரவர்த்தி ஒருவர் கழுத்துத் துளையோடு ஆட்சி செய்தார் என்று வகுப்பில் சொன்னேன். மாணவர்கள் நம்பவில்லை. உண்மைதானே சிஸ்டர்?
— வரலாற்று ஆசிரியர், தென்காசி

உண்மைதான் சார். எங்கள் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கும் மனப்பாடம். மூன்றாம் ஃபிரெடெரிக். 1887-இல் குரல் கரகரத்தது. ஜெர்மன் டாக்டர்கள் புற்றுநோய் என்றார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த தொண்டை டாக்டர் மோரல் மெக்கன்சி எடுத்த சதைத் துணுக்கில், நோயியலில் விர்ஷோ போன்ற மேதை பார்த்தும் புற்றுநோய் தெரியவில்லை. 1888 பிப்ரவரியில் இத்தாலியின் சான் ரெமோவில் மூச்சு முட்டி டிரக்கியாஸ்டமி செய்தார்கள். அடுத்த மாதம் அப்பா இறக்க, இவர் சக்கரவர்த்தி ஆனார். கட்டளைகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தே 99 நாள் ஆண்டு, ஜூன் 15-இல் அந்தப் புற்றுநோயாலேயே இறந்தார். துணுக்குச் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தாலும் சந்தேகம் தீராவிட்டால் மறுபடி எடுப்பது ஏன் என்று கேட்கிற நோயாளிகளுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

*

அம்மாவுக்கு 71 வயது. தைராய்டில் மிக வேகமாக வளரும் வகைப் புற்றுநோய், குணப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூச்சுக்குக் கழுத்தில் துளை போடலாம் என்று ஒரு டாக்டர் சொல்கிறார், வேண்டாம் என்று இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
— பெயர் வேண்டாம், கோவை

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முதல் கேள்விக்கு அவ்வளவு உறுதியாகப் ‘போடுங்கள்’ என்று சொன்ன நானே இங்கே தயங்குகிறேன். அங்கே துளை, சிகிச்சைக்குப் போகும் வழி. இங்கே அப்படி இல்லை.

இந்த வகையில் கட்டி மூச்சுக்குழாயின் முன்னாலேயே உட்கார்ந்திருக்கும். துளை போடவே கட்டியைக் கடந்து போக வேண்டும், ரத்தம் போகும், புண் சரியாக ஆறாது, துளை வழியாகக் கட்டியே வெளியே எட்டிப் பார்க்கும். அதன் பிறகு தினமும் சளி எடுப்பது, பேச முடியாமல் போவது. நாள் கணக்கில், வாரக் கணக்கில் கிடைக்கும் நேரம் இப்படிக் கழியலாம். மறுபக்கம், மூச்சு முட்டுவது போன்ற அவஸ்தை வேறில்லை. சிலருக்குத் துளை அந்த அவஸ்தையைத் தீர்த்து, வீட்டில் நிம்மதியாகச் சில நாட்களைத் தந்திருக்கிறது.

துளை வேண்டாம் என்று முடிவெடுத்தால் கைவிட்டதாக நினைக்காதீர்கள். மூச்சுத் திணறல் உணர்வை அடக்க மார்ஃபின் மிக நன்றாக வேலை செய்யும். வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு இருக்கிறது, பதற்றத்துக்கு மருந்து இருக்கிறது. இதற்கு வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக் குழுவை இப்போதே பாருங்கள், கடைசி வாரத்தில் அல்ல. ராத்திரி மூச்சு முட்டினால் எந்த மருந்து, எவ்வளவு, யாருக்குப் போன் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கழுத்துக் கட்டி முற்றியவர்களுக்குச் சில சமயம் பெரிய ரத்தக்குழாய் அரிபட்டுத் திடீரென்று ரத்தம் கொட்டும். முந்தின நாட்களில் கொஞ்சமாகப் புது ரத்தம் தெரிந்து நின்றிருக்கலாம். அப்படித் தெரிந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் அடர்ந்த நிறத்தில், கறுப்போ கருநீலமோ, இரண்டு மூன்று பெரிய துண்டுகள் இருக்கட்டும். வெள்ளைத் துணியில் ரத்தம் பரவுவதைப் பார்த்து நோயாளியும் மிரள்வார், நீங்களும் மிரள்வீர்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இருக்க வேண்டும்.

கடிதத்தில் இரண்டு டாக்டர், அண்ணன், மாமா எல்லோருடைய கருத்தும் இருக்கிறது. அம்மாவின் கருத்து இல்லை. 71 வயதுக்கு அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. கேளுங்கள்.

*

சின்னச் சின்னக் கேள்விகள்

குளிப்பது? (பலர்) கழுத்துக்குக் கீழே ஊற்றிக் குளிக்கலாம். தலைக்கு ஊற்ற வேண்டுமென்றால் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, வேறு ஒருவர் ஊற்றட்டும். குளம், ஆறு, கடல் கூடவே கூடாது. தாமிரபரணியில் முங்கிக் குளித்தவருக்கு இது பெரிய இழப்புதான், ஆனாலும் கூடாது.

குரல்வளை எடுத்த மாமா சூடான காபியை ஊதிக் குடிக்க முடியவில்லை என்கிறார், வாசனையும் தெரியவில்லையாம். (மதுரை) வாயிலும் மூக்கிலும் காற்றே ஓடாதபோது ஊதவும் முடியாது, மோந்து பார்க்கவும் முடியாது. ஆற்றிக் கொடுங்கள். வாயை மூடிக்கொண்டு, தாடையை மட்டும் கீழே இறக்கிக் கொட்டாவியை அடக்குவது போலச் செய்தால் கொஞ்சம் காற்று மூக்குக்குள் போகும். பழகினால் வாசனை திரும்பும். கேஸ் கசிந்தால் அவருக்குத் தெரியாது, அவரைத் தனியே விட்டுப் போகும்போது சிலிண்டரை மூடிவிடுங்கள். மலச்சிக்கல் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். முக்குவதற்கு மூச்சைக் கட்டும் கதவு குரல்வளையில்தான் இருந்தது.

போகிப் புகை, தாளிப்பு நெடி? (திருவள்ளூர்) இரண்டுமே ஆகாது. மிளகாய் தாளிக்கும்போது ஆள் அடுக்களைப் பக்கம் இருக்க வேண்டாம். போகி அன்று கதவைச் சாத்திக்கொண்டு, மல் துணியை ஈரமாக வைத்துக்கொள்ளட்டும்.

ஊருக்குப் போகும்போது பையில் என்ன வைக்க? (அரியலூர்) அதே அளவில் ஒரு குழாய், ஓர் அளவு சின்னதாக இன்னொன்று, நாடா, கத்தரிக்கோல், சலைன், காஸ், கைக்கண்ணாடி, சின்ன டார்ச். பலூன் வைத்த குழாய் என்றால் ஒரு சிரிஞ்ச். பை மேலே ஏற்றும் சாமான்களோடு போகாமல் மடியில் இருக்கட்டும்.

நாக்கு ஆபரேஷனோடு போட்ட குழாயை மூடி வைத்துப் பார்த்து, எடுத்துவிட்டார்கள். துளைக்குத் தையல் போடவில்லை, பிளாஸ்திரி மட்டும்தான். பேசினால் காற்று வருகிறது. (விழுப்புரம்) தையல் தேவையில்லை, தானாகவே சுருங்கி மூடும். அதுவரை பேசும்போதும் இருமும்போதும் பிளாஸ்திரி மேல் இரண்டு விரலை அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், காற்று வெளியேறாமல் இருந்தால் சீக்கிரம் ஆறும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். அதற்கு மேலும் கசிந்தால் காட்டுங்கள், சின்னதாக ஒரு தையல் வேலையில் அடைத்துவிடுவார்கள். அடுத்து ரேடியேஷன் என்று சொல்லியிருந்தால், அந்தத் தேதி குறிக்கும்போதே துளை இன்னும் மூடவில்லை என்பதைச் சொல்லிவிடுங்கள்.